இழுக்க மறுக்கும் டிராக்டர்: குறை எங்கே இருக்கிறது?

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு பலருக்கும் வியப்பாக இருக்கலாம். அரசியல் இல்லை, சினிமா இல்லை. டிராக்டர். அதுவும் இழுவை குறைந்துபோன டிராக்டர். நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லிங்கி, லாபு பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தலைப்பின் அருமை தெரியும். ஒரு தோட்டத்தில் டிராக்டர் நின்றால் பாதித் தோட்டம் நின்ற மாதிரி.

ஒரு காட்சியை மனத்தில் கொண்டுவந்து பார்க்கலாம். முதல்நாள் இரவு நல்ல மழை. காலை பெரட்டு முடிந்து, செம்பனைக் குலைகளை வெட்டிச் சடக்கு ஓரத்தில் அடுக்கிவிட்டார்கள். டிரெய்லரில் மூன்று நான்கு டன் குலை ஏறிவிட்டது. செம்மண் மேடு ஒன்று. அதில் பாதி ஏறிய டிராக்டர் அங்கேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் தம்பி பட்டறை ஃபோர்மேனுக்குப் போன் போடுகிறார்.

“அண்ணே, இன்ஜின்ல தெம்பே இல்லண்ணே. மேட்டுல ஏற மாட்டேங்குது.”

“புகை வருதா தம்பி? என்ன கலரு?”

“புகை ஒண்ணும் பெருசா இல்லண்ணே. சத்தம் மட்டும் கூடிக்கிட்டே போகுது.”

“பின் டயரு சுத்துதா?”

“இல்லண்ணே, அப்படியே நிக்குது.”

“அப்ப இன்ஜின் மேல பழி போடாத. கிளட்ச்சு நழுவுது. இனிமே மிதிச்சுக் கஷ்டப்படுத்தாத. சக்கரத்துக்குக் கல்லு வை, நான் வர்றேன்.”

மூன்றே கேள்வி. ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல், மூன்று மைல் தொலைவில் இருந்துகொண்டு, அந்த ஃபோர்மேன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். அனுபவசாலிகள் இப்படித்தான் வேலை செய்வார்கள். அனுபவம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? இன்ஜினைத் திறப்பார்கள். இன்ஜெக்டரைக் கழற்றுவார்கள். நல்லபடியாக இருந்த பம்பின் சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டுவார்கள். இரண்டு நாள் போகும், சில ஆயிரம் வெள்ளியும் போகும். டிராக்டர் மறுபடி அதே மேட்டில் அதே இடத்தில் நிற்கும்.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராய்ந்த பிறகே வைத்தியம் என்பது அங்கே சொல்லப்படும் முறை. மனிதனுக்குச் சொன்ன அந்த முறை இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தும். கண்டுபிடிப்பது முதலில், கழற்றுவது கடைசியில். இன்றைய உரையின் சாரம் இதுதான்.

இதில் என்ன அப்படி அவசரம்?

செம்பனைக் குலை வெட்டப்பட்ட நிமிடத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. பழம் நசுங்கினால் அதில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போய்விட வேண்டும் என்று தோட்டங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அமிலம் கூடினால் எண்ணெயின் தரம் குறையும், விலையும் குறையும். டன் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளிக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் சம்பளத்தில் விழும் ஓட்டை.

அடுத்தது டீசல் செலவு. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி எண்ணெய் நிலையங்களில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நழுவும் கிளட்ச்சும், வழுக்கும் சக்கரமும், அடைத்த ஏர் கிளீனரும் டீசலை வீணாகக் குடிக்கும். நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அது பெரிய அடி.

இவை இரண்டையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, உயிர். அதை உரையின் பிற்பகுதியில் பார்க்கலாம்.

தோட்டத்துக்கு வந்த இயந்திரம்

அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் மூன்று புள்ளி இணைப்பும் ஹைட்ராலிக் தூக்கியும் கொண்ட சிறிய டிராக்டரை உருவாக்கினார். 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அவருடைய சிறிய சாம்பல்நிற டிராக்டர் உற்பத்தியானது. 1953-இல் அவர் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. அந்த மரபில் 1964-இல் வந்ததுதான் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின் வைத்த மாஸி ஃபெர்குசன் 135. தமிழகத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை அங்கே உற்பத்தி செய்தது.

மலேசியத் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது டிராக்டரின் வேலை பலமடங்கு கூடியது. ரப்பர் பாலைத் தொட்டியில் கொண்டுபோவது ஒரு சுமை. டன் டன்னாகக் குலையை மேட்டிலும் பள்ளத்திலும் இழுப்பது வேறு சுமை. மாஸி ஃபெர்குசன், ஃபோர்டு என்ற பெயர்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு மாட்டின் பெயர் மாதிரிப் பழக்கமாயின.

இந்த டிராக்டர்களின் உடல் அமைப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. லோரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் இவற்றுக்குக் கிடையாது. இன்ஜின், கிளட்ச் கூடு, கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததே டிராக்டரின் முதுகெலும்பு. ஆகவே கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டுமானால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒருநாள் வேலை, சில சமயம் இரண்டு நாள். தவறாகக் கணித்துப் பிரித்துவிட்டால் அத்தனையும் தண்டம்.

சக்தி தொலையும் மூன்று இடங்கள்

டீசலில் இருக்கும் சக்தி நிலத்தைப் போய்ச் சேர மூன்று வாசலைக் கடக்கிறது. இன்ஜின் முதல் வாசல். கிளட்ச் இரண்டாவது. சக்கரம் மண்ணைப் பிடிக்கும் இடம் மூன்றாவது. எந்த வாசலில் சக்தி தொலைந்தாலும் ஓட்டுநருக்கு ஒன்றுபோல்தான் தெரியும்: ‘வண்டி இழுக்கவில்லை.’ ஆனால் அடையாளங்கள் வேறு வேறு.

சுமை ஏறும்போது இன்ஜின் சத்தம் தாழ்ந்துகொண்டே போய் அணையப் பார்த்தால், கிளட்ச்சும் சக்கரமும் தங்கள் வேலையைச் செய்கின்றன. குறை இன்ஜினில், அல்லது சுமை அளவுக்கு மீறியது.

இன்ஜின் சத்தம் உயர்கிறது, பின் சக்கரம் சுற்றவில்லை அல்லது மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கிளட்ச் நழுவுகிறது. கூடவே கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்ஜினும் ஓடுகிறது, சக்கரமும் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் குறை டயருக்கும் மண்ணுக்கும் நடுவில்.

இந்த மூன்றையும் சோதிக்கும் முன் செய்ய வேண்டிய இன்னொன்று உண்டு. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சமதரையில் டிராக்டரைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு டிரெய்லரின் சக்கரங்களையும் டிராக்டரின் பிரேக் டிரம்களையும் பார்க்க வேண்டும். கையைக் கிட்டே கொண்டுபோனாலே அனல் அடிக்கிறதா? பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், டிரெய்லர் டயரில் காற்றே இல்லாமல் இருக்கலாம். ‘இன்ஜினில் தெம்பு இல்லை’ என்று வந்த எத்தனையோ வண்டிகள் பிரேக்கைச் சரிசெய்ததும் குதிரை மாதிரி ஓடியிருக்கின்றன.

இன்ஜின்: புகையே நாடி

வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் டீசல் இன்ஜினுக்குப் புகையைப் பார்க்க வேண்டும்.

தெம்பும் இல்லை, கரும்புகை தள்ளுகிறது என்றால் டீசல் போகிறது, போதிய காற்று போகவில்லை. முதலில் ஏர் கிளீனர். பழைய டிராக்டர்களில் இருப்பது எண்ணெய்த் தொட்டி வகை. அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் எண்ணெய் சேறாகிக் கிடக்கும். கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும், கூடுதலாகவும் கூடாது. காகித வகை என்றால் தூசு தட்டிப் பார்க்கலாம். கிழிசல் இருந்தாலும் எண்ணெய் படிந்திருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. ஜெலுபு போன்ற மழை குறைந்த வட்டாரங்களில் செம்மண் தூசு அதிகம். அங்கே கையேட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கு போதாது, அடிக்கடி பார்க்க வேண்டும். ஏர் கிளீனர் சுத்தமாக இருந்தும் கரும்புகை நிற்கவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

தெம்பு இல்லை, புகையும் இல்லை என்றால் காற்று போகிறது, டீசல் போகவில்லை. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. கொஞ்ச நேரம் நன்றாக இழுக்கும், பிறகு சோர்ந்துபோகும், ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி இழுக்கும். முதலில் டீசல் தொட்டியின் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, வண்டியும் தெளிந்துவிட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. அடுத்து தொட்டிக்கு அடியில் உள்ள வலை, வண்டல் கிண்ணம், டீசல் ஃபில்டர், ஏற்றும் பம்ப் என்று வரிசையாக வர வேண்டும். குழாய் இணைப்பு எங்காவது தளர்ந்து காற்று புகுந்தாலும் இதே கோளாறுதான். இறுக்கிவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். வெண்புகை நீண்ட நேரம் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. கம்ப்ரஷன் குறைவு, டைமிங் பிசகு, டீசலில் தண்ணீர், இவற்றில் ஒன்று. இவை செலவு வைக்கும் வேலைகள், பட்டறைக்குப் போயே ஆக வேண்டும்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள் உண்டு. சில்லறைதான், ஆனால் பலரை ஏமாற்றியவை. ஒன்று, ஆக்ஸிலேட்டர் கம்பி. ஒருவர் மிதிக்க, மற்றவர் பம்பின் அருகே நின்று நெம்பு முழுத்தூரம் போய் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த கம்பி முக்கால் தூரத்தில் நின்றுவிடும். இரண்டு, ரேடியேட்டர். செம்பனைச் சருகும் தூசும் முன்பக்கம் அப்பிக்கொண்டால் இன்ஜின் சூடேறித் தெம்பு குறையும். ஃபேன் பெல்ட்டையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

பம்பில் உள்ள சீலை மட்டும் தோட்டத்திலேயே உடைக்கக் கூடாது. டீசலைக் கூட்டினால் அந்த நேரத்துக்கு இழுக்கும். பிறகு சூடும் கரும்புகையுமாக இன்ஜினின் ஆயுளைத் தின்றுவிடும்.

தான் சுமந்த பழமே தனக்கு எண்ணெயாக

மலேசிய டிராக்டருக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. 2011-ஆம் ஆண்டு செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலை 5 விழுக்காடு கலந்து விற்கும் திட்டம் நெகிரி செம்பிலான் உட்பட மத்திய வட்டாரத்தில் தொடங்கியது. வாகனங்களுக்கான டீசலில் அந்தக் கலப்பு 2019-இல் 10 விழுக்காடானது. டிராக்டர் இழுத்துப்போன பழம் சுற்றிவளைத்து அதன் தொட்டிக்கே திரும்பி வருகிறது.

நாட்டுக்கு நல்ல காரியம். ஆனால் பழைய டிராக்டர் வைத்திருப்பவர் சிலவற்றைக் கவனித்தாக வேண்டும். பயோடீசலுக்கு அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டு. முப்பது வருடமாகத் தொட்டிக்குள் படிந்த கறையை அது பெயர்த்து வந்து ஃபில்டரில் அடைக்கும். முதன்முதலாகக் கலப்பு டீசல் ஊற்றும்போது ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் ஊறிப்போய்க் கசியக்கூடும். தண்ணீரை ஈர்க்கும் குணமும் இதற்குக் கூடுதல். தண்ணீர் சேர்ந்தால் தொட்டியில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பாகப் படியும். வேலை முடிந்து மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே நீர் முத்துவது குறையும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பழைய டீசலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

கிளட்ச்: கால் வைக்கும் பழக்கம்

கிளட்ச் நழுவுகிறதா என்று உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. சமதரை, முன்னும் பின்னும் ஆளில்லாத இடம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே திணறி அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவல் உறுதி. ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

உறுதியானதும் டிராக்டரைப் பிரிக்க ஓடக் கூடாது. முதலில் பெடலைப் பார்க்க வேண்டும். பெடலைக் கையால் அழுத்தினால், கனம் தட்டுவதற்கு முன் சிறிது தூரம் சும்மா இறங்க வேண்டும். வண்டிக்கு வண்டி அளவு மாறும், ஏறக்குறைய ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். சரியான அளவு கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்தச் சும்மா ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமல் போனால், யாரும் மிதிக்காமலேயே கிளட்ச் அரைகுறையாக மிதிபட்ட நிலையில் இருக்கும். கம்பியின் நீளத்தைத் திருத்தினால் பத்து நிமிட வேலை. நழுவல் அத்தோடு தீர்ந்துவிட்ட வண்டிகள் ஏராளம்.

ஆட்டம் சரியாக இருந்தும் நழுவினால், கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சிறு துளையைப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் சொட்டுகிறதா? கறுப்பாக இருந்தால் இன்ஜினின் பின் ஆயில் சீல். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் பாக்ஸ் சீல். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது சிலர் வழக்கம். இரண்டு வாரம் ஓடும், பிறகு பழைய கதைதான். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவதும் அதே மாதிரிதான்.

பல மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் உண்டு. பெடலைப் பாதி அழுத்தினால் ஓட்டம் நிற்கும், முழுக்க அழுத்தினால் பி.டி.ஓ.வும் நிற்கும். ஹைட்ராலிக் பம்பும் அந்த பி.டி.ஓ. பக்கத்திலிருந்தே ஓடுகிறது. ஆகவே ஹைட்ராலிக் தூக்கி சுறுசுறுப்பாகத் தூக்குகிறது, சக்கரம் மட்டும் இழுக்கவில்லை என்றால், இரண்டு பிளேட்டில் ஓட்டத்துக்கான பிளேட்தான் போயிருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்.

பிரிப்பதைத் தவிர வழியில்லை என்றால், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் உறுதியான தாங்கிகள் கொடுத்து, முன் அச்சில் இருபுறமும் ஆப்பு வைத்த பிறகே போல்ட்டில் கைவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலை செய்வது உயிரோடு விளையாட்டு. ஒருமுறை பிரித்துவிட்டால் பிளேட், ரிலீஸ் பேரிங், இருபக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். ஃபிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

புதுக் கிளட்ச் போட்ட வண்டி ஆறே மாதத்தில் மறுபடி வந்தால் ஓட்டுநரின் இடது காலைப் பார்க்க வேண்டும். பெடல் மேல் காலை வைத்தே ஓட்டுவது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைப்பது, இந்த இரண்டு பழக்கமும் எந்தக் கிளட்ச்சையும் தின்றுவிடும்.

சக்கரம்: சுண்ணாம்புக் கட்டியும் பத்துச் சுற்றும்

சக்கரம் கொஞ்சம் வழுக்குவது இயல்பு. மண்ணைப் பொறுத்துப் பத்து, பதினைந்து விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீண். இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பின் டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். சுமையில்லாமல் சக்கரம் பத்துச் சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். பிறகு சுமையோடு அதே பத்துச் சுற்று. முதல் தூரம் 38 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்றால் ஏறக்குறைய பத்து விழுக்காடு வழுக்கல், பரவாயில்லை. இரண்டாவது 28 மீட்டர்தான் என்றால் நாலில் ஒரு பங்கு உழைப்பு மண்ணைக் கிளறுவதிலேயே போகிறது.

தேய்ந்த டயர் ஒரு காரணம். டயரைத் திசை மாற்றி மாட்டுவது இன்னொன்று. பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். காற்றைக் கல் மாதிரி அடித்து வைத்தால் டயர் மண்ணைத் தொடும் பரப்பு குறையும். பாரம் போதாவிட்டால் சக்கர எடைகளைப் போடலாம், அல்லது பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க உப்பு கலக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை, வெறும் தண்ணீர் போதும். நடுத்தர டயர் ஒன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதாவது சக்கரத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் பிடிமானம்.

ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் சுழன்றால் டிஃபரன்ஷியல் பூட்டு உதவும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது அதைப் போடக் கூடாது, பூட்டிய நிலையில் வண்டியைத் திருப்பவும் கூடாது.

மேட்டில் நின்றது எச்சரிக்கை

இப்போது முன்பு சொன்ன பெரிய காரணத்துக்கு வரலாம். கிளட்ச் நழுவினால் வண்டி மேட்டில் ஏறாது என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். அதே கிளட்ச் பள்ளத்தில் என்ன செய்யும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இறக்கத்தில் நாலு டன் குலை பின்னாலிருந்து தள்ளும்போது வண்டியைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு இன்ஜினுக்கு உண்டு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது அந்தப் பிடி கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. கிளட்ச் நழுவினால் அந்தப் பிடி தளரும். மிச்சம் இருப்பது ஈரச் செம்மண்ணும் சூடேறிய பிரேக்கும் மட்டுமே. காலையில் மேட்டில் நின்ற வண்டி, சாயங்காலம் பள்ளத்தில் நிற்காமல் போகக்கூடிய வண்டி.

எனவே ‘இன்னும் நாலு டிரிப் அடிச்சிட்டு அப்புறம் பட்டறைக்கு விடலாம்’ என்று மண்டோர் சொன்னாலும் சரி, கிராணி சொன்னாலும் சரி, அது தவறான கணக்கு. இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியரில் போட்டுக்கொள்வது, நடுவில் கிளட்ச்சை மிதிக்காமல் இருப்பது, இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவைப்பது, இவை பழகிய ஓட்டுநர் மறக்காத விதிகள். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது சங்கிலியை டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி, ஓட்டுநர் யோசிப்பதற்குள் வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும். டிரெய்லரிலும் மட்கார்டிலும் ஆள் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையே இருக்கக் கூடாது.

கையில் இருக்கும் தொழில், காகிதத்தில் இல்லை

அந்த ஃபோர்மேனின் மூன்று கேள்விகளுக்கு மறுபடி வரலாம். அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. பதினைந்து வயதில் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கப் போனவர், பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தோட்டத்துத் தமிழர்கள் இப்படித் தலைமுறையாகக் கற்ற தொழில் இது. சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரத்தில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது அந்தப் பட்டறைகள் மூடின. இன்று பல தோட்டங்களில் ஓட்டுநர் இருக்கையில் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர் இருக்கிறார். சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் காது ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகிறது.

வேலை தேடி வெளியே வந்த தோட்டத்து மெக்கானிக்கிடம் முதலாளி கேட்பது சான்றிதழ். அவரிடம் இருப்பதோ முப்பது வருடக் கை. ஆனால் இதற்கு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. முழுநேரப் பயிற்சிக்குப் போகாமல், முன் அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி அதைப் பெறும் பி.பி.தி. முறையும் உண்டு. செய்த வேலைகளின் விவரம், படங்கள், வேலையிடத்தின் உறுதிக் கடிதம் என்று ஒரு கோப்பு தயாரித்துக் கொடுத்தால் மதிப்பீட்டாளர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்.

அதற்கு இன்றே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பட்டறையில் ஒரு நோட்டுப் புத்தகம். என்ன தேதி, எந்த வண்டி, ஓட்டுநர் சொன்ன குறை என்ன, புகை எப்படி, சத்தம் எப்படி, கண்டுபிடித்தது என்ன, செய்தது என்ன, எத்தனை மணி ஓடிய பிறகு மறுபடி வந்தது. ஒரு வேலைக்கு நாலே வரி போதும், தமிழிலேயே எழுதலாம். அடுத்த முறை அதே வண்டி நின்றால் அந்த நோட்டே பாதி நோயைச் சொல்லிவிடும். புதிதாக வரும் பையனுக்கு அதுவே பாடநூல். சான்றிதழ் கேட்கும்போது அதுவே கோப்பின் முதல் ஆதாரம்.

டிராக்டருக்கு வாய் கிடையாது. ஆனால் புகையாலும் சத்தத்தாலும் வாடையாலும் அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்கத் தெரிந்தவர்கள் தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் ஓர் இளைஞரும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்துவிட்டால், மேட்டில் நிற்கும் வண்டியும் ஏறும், தொழிலும் ஏறும்.